கரைப்பானின்றித் தாக்கம் இல்லை என்னும் கூற்று

பெரியநீலாவணை முதல் அக்கரைப்பற்று வரை பெருந்தெருவின் இரு மருங்கிலும் க.பொ.த. உயர்தர மாணவருக்கு இரசாயனம் போதிக்கும் வகுப்புகள் பல நடைபெறுகின்றன. அவ்வகுப்புகளிற் சேதன இரசாயனப் பாடம் தொடங்கிய சில நாட்களிலேயே மாணவனுடைய மனத்தில் வேரூன்றிவிடும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. பொருள்கள் கரைந்த நிலையிலன்றி ஒன்றோடொன்று தாக்கம் புரியமாட்டா. ஆகவே ஒவ்வொரு தாக்கத்துக்கும் தக்கதொரு கரைப்பான் வேண்டும். உலோகத்தைத் துணைக்கொண்டு காபனையும் காபனையும் பிணைக்கும் தாக்கங்களுக்கோ ஈரப்பசை சிறிதுமற்ற ஈதரும் காற்றுப் புகாத பாத்திரமும் இல்லாமல் முடியாது. அரைத்தல் என்பது பொருளைப் பொடியாக்கவும் கலக்கவும் உதவும் கைவேலையேயன்றித் தாக்கத்தை நிகழ்த்தும் முறையாகாது என்பதே அவ்வபிப்பிராயம். ஆசிரியர்கள் இதனை நல்ல நோக்கத்துடனேயே சொல்லுகின்றனர். பாடநூல் இதற்கு மாறாக யாதும் உரைப்பதில்லை. பரீட்சை வினாத்தாளில் கிரிக்னாட் சோதனைப்பொருளைத் தயாரிக்கும் நிபந்தனையைக் கேட்டால் ‘உலர் ஈதர்’ என்று எழுதுகிறவனுக்கே புள்ளி கிடைக்கிறது.

இவ்வபிப்பிராயம் பிழையானது என்பதே என் துணிபு. பழக்கத்தினால் வந்த வசதியொன்றை இயற்கையின் விதியாக எடுத்துக்கொண்டதனால் நேர்ந்த பிழை அது. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு: கரைப்பான் மிக மிக அவசியமென்று எந்த உலோகத் தாக்கங்களைக் காட்டிச் சொல்லுகிறார்களோ, அத்தாக்கங்களிலேதான் அரைத்தல் விசேஷமாகப் பலிக்கின்றது. இதற்குரிய காரணத்தை அறிந்துகொண்டால் பழைய கூற்று எவ்விடத்தில் வழுவிற்று என்பதும் தானே விளங்கும்.

திரவநிலையிலன்றிப் பொருள்கள் வினைபுரியா என்னும் சூத்திரத்தை அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்குவது ஐரோப்பிய இரசாயன நூல்களில் நெடுங்கால மரபு. அவ்வாசிரியரின் நேர்மாணாக்கரும் அவருக்குப்பின் அவருடைய கல்விக்கழகத்தின் தலைமையை ஏற்றவருமான தியோபிராஸ்தஸ், கிறிஸ்துவுக்கு முன் 315ஆம் ஆண்டளவில் கற்களைப் பற்றி இயற்றிய நூலில், சாதிலிங்கத்தைக் காடி சேர்த்துச் செம்புரலிற் செம்புலக்கை கொண்டு அரைத்தால் இரசம் பிரியும் என்று குறித்து வைத்திருக்கிறார். அங்கே செம்பு வெறும் பாத்திரமாக நிற்கவில்லை. கந்தகத்தைத் தான் பற்றிக்கொண்டு இரசத்தை விடுவிக்கும் உலோகமாகவே நிற்கின்றது. அரைத்தலின் வலியால் உலோகம் ஒன்று தாக்கம் புரிவதைச் சொல்லும், நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்று இதுவே.

சான்று தேடி அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. ஈய நைத்திரேற்று வெண்ணிறத் திண்மம். பொற்றாசியம் அயடைட்டும் வெண்ணிறத் திண்மம். இரண்டையும் உலர்ந்த நிலையில் ஓர் உரலிலிட்டுக் குழவியை இரண்டு மூன்று முறை அழுத்திச் சுழற்றினால், குழவி சென்ற தடமெல்லாம் மஞ்சள் நிறம் கீறிக்கொண்டு வெளிப்படும். அரைக்க அரைக்க அம்மஞ்சள் பரந்து முழுப்பொடியையும் மூடிவிடும். காற்றிலுள்ள ஈரம் இதற்குச் சிறிது துணைசெய்திருக்கலாம் என்று ஆட்சேபிப்பவருண்டு, அது நியாயமே. ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத ஈரத்தைக் கரைப்பானென்று சொல்லத் தொடங்கினால், கரைப்பான் என்னும் சொல்லுக்கு வரையறையே இல்லாமற் போய்விடும்.

இதனையே துயரம் தோய்ந்த வேறொரு முகத்தாலும் காணலாம். பொற்றாசியம் குளோரேற்றையும் கந்தகத்தையும் ஒரே உரலில் இட்டு அரைத்தல் கூடாதென்று ஒவ்வோர் ஆய்வுகூடத்திலும் எச்சரிக்கிறார்கள். சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கலக்கும்போதும் திணிக்கும்போதும் எழும் உராய்வினால் உயிர்கள் மாண்ட செய்தியை நாம் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அங்கே கரைப்பான் ஏது? திண்மமும் திண்மமும் உராய்ந்த மாத்திரத்திலேயே தாக்கம் மூண்டுவிடுகிறது. அரைத்தல் வெறுங்கலப்பேயாயின் இவ்வெச்சரிக்கைக்கு இடமே இருந்திராது.

இனி, அரைக்கும்போது எழுகின்ற சூடுதான் தாக்கத்தை நடத்துகின்றது, அரைத்தலுக்கென்று தனிச்சக்தி இல்லை என்பார் சொல்வதை நோக்குவோம். இவ்வாட்சேபம் முதலாவதைவிட வலியது. அதற்கு விடை கூறியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தம் வீட்டு ஆய்வுகூடத்தில் தனியே உழைத்த கேரி லீ என்பவர். வெள்ளிக் குளோரைட்டைச் சூடாக்கினால் அது சிதையாமல் 455 பாகை சதமளவில் உருகும். நம் வைத்தியர் வீரம் என்று வழங்கும் இரசக் குளோரைட்டைச் சூடாக்கினால் அதுவும் சிதையாமல் ஆவியாகிப் பதங்கமாகும். இவ்விரண்டையும் அவர் 1890களில் உரலிலிட்டு வன்மையாக அரைத்தார். அரைத்தபோது இரண்டும் குளோரினைக் கைவிட்டுச் சிதைந்தன. வெப்பம் செய்யாத ஒன்றை அரைத்தல் செய்தது. ஆகவே அரைத்தல் வெப்பத்தின் மாறுவேடமன்று என்பது ஐயமற நிரூபணமாயிற்று. அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1820இல், மைக்கேல் பரடே வெள்ளிக் குளோரைட்டை நாகம், வெள்ளீயம், இரும்பு, செம்பு ஆகிய உலோகங்களோடு தனித்தனியே அரைத்து, உலர்ந்த வழியிலேயே வெள்ளியைப் பிரித்திருக்கிறார். இவ்விரு பெயர்களும் நம் பாடநூல்களில் இவ்விஷயத்தையொட்டி வருவதில்லை என்பது வருந்தத்தக்கது. பரடேயை மின்பகுப்புக்காக மட்டுமே நம் பிள்ளைகள் அறிவார்கள்.

வெப்பத்துக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. எஃகுக் குண்டுகள் இட்ட சிறு குடுவையை நொடிக்கு இருபத்தைந்து முப்பது முறை குலுக்கும் இக்காலத்து அரைவைப் பொறியில் ஓரளவு சூடு உண்டாகவே செய்யும்; சில தாக்கங்களுக்கு அச்சூடும் போதாமல், குடுவையை வெளியிலிருந்தும் வெதுப்புகிறார்கள். வெப்பம் துணைக்காரணம், அரைத்தலே முதற்காரணம்.

இப்போது விவாதத்தின் உயிர்நிலையாகிய உலோகத் தாக்கங்களுக்கு வருவோம். பிரான்சு தேசத்து லியோன் நகரில் பிலிப் பார்பியே என்னும் பேராசிரியர் 1899இல் மகனீசியத்தைக் கொண்டு ஒரு கீற்றோனையும் மெதையில் அயடைட்டையும் பிணைத்தார்; அவருடைய மாணாக்கர் விக்டர் கிரிக்னாட், மகனீசியச் சேர்வையை முதலில் ஈதரிலே தனியாக ஆக்கிக்கொண்டு பின்னர் மற்றப் பொருளைச் சேர்க்கும் முறையை 1900இல் வெளியிட்டு, அதற்காக 1912இல் நோபெல் பரிசும் பெற்றார். சேதன இரசாயனத்திற்கு அம்முறை செய்த உபகாரம் அளவிறந்தது. அன்றிலிருந்து உலர் ஈதரும் கிரிக்னாட்டும் பிரிக்கவொண்ணாத இரட்டையராயின.

ஆனால் அத்தாக்கம் நடைபெறும் இடம் எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஈதரின் நடுவிலா? இல்லை; மகனீசியத்தின் மேற்பரப்பிலே. மகனீசியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்ளுகிறது. தேங்காயின் ஓடு உடையும்வரை பருப்பு நமக்கு எட்டாததுபோல, அப்படலம் உடையும்வரை உலோகமும் தாக்கத்துக்கு எட்டாது. ஆய்வுகூடத்தில் கிரிக்னாட் தாக்கத்தைத் தொடக்கி வைத்தவர்கள் அநுபவத்தால் அறிந்த உண்மை இது: குடுவையில் மகனீசியச் சீவல்கள் ஈதரில் அசையாமற் கிடக்கும், அயடீன் பளிங்கு ஒன்றை இடுவார்கள், அதற்கும் அசையாவிடின் கண்ணாடிக்கோலை உள்ளே நுழைத்துச் சீவல் ஒன்றைக் குடுவையின் அடியோடு வைத்து நெரிப்பார்கள். நெரித்த இடத்தில் மின்னும் புதிய உலோகம் தலைகாட்டும். அங்கிருந்து குமிழிகள் எழும். ஈதர் கலங்கிச் சாம்பல் நிறமாகிக் கொதிக்கத் தொடங்கும். கரைப்பானின் புகழைப் பாடும் அதே செய்முறையிலேயே, தாக்கத்தை எழுப்பியது ஒரு நெரிப்புத்தான். அமெரிக்க விஞ்ஞானி ரீக்கி 1970களில் மகனீசிய உப்பை ஒடுக்கி மிக நுண்ணிய உலோகப் பொடியைப் பெற்றுத் தாக்கத்தை எளிதாக்கியதும் இதே இடரைக் கடப்பதற்காகவே. மேற்பரப்பே இடராயின், ஓயாமல் மேற்பரப்பை உடைத்துப் புதுப்பிக்கும் அரைத்தலைவிடப் பொருத்தமான பரிகாரம் யாது?

இந்த யுக்தியைப் பிரத்தியட்சமாக்கியவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் சப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புமியோ தோடா. 1887இல் ருசிய விஞ்ஞானி ரிபோர்மாட்ஸ்கி கண்ட நாகத் தாக்கத்தை, அதாவது புரோமோ எஸ்தர் ஒன்றை நாகத்தின் துணையால் அல்டிகைட்டோடு பிணைக்கும் தாக்கத்தை, அவரும் அவருடைய சகாக்களும் 1991இல் கரைப்பானின்றியே செய்து காட்டினர். கையாண்ட கருவி அகீக் கல்லாலான சிற்றுரலும் குழவியும். சேர்த்த பொருள்கள் நாகப் பொடியும், பொன்வேலைசெய்வோர் நவச்சாரம் என்று வழங்கும் அமோனியம் குளோரைட்டும், தாக்குபொருள்கள் இரண்டுமே. அரைத்துக் கலந்து அறை வெப்பநிலையில் இரண்டு மூன்று மணிநேரம் வைத்தபோது, பென்சல்டிகைட்டிலிருந்து 91 வீத விளைவு கிடைத்தது. மின்பொறி இல்லை, சடத்துவ வாயு இல்லை, வடித்து உலர்த்திய கரைப்பான் இல்லை. நம் ஊர்ப் பாடசாலை ஆய்வுகூடம் ஒன்றில் இருப்பவற்றைவிட அங்கே அதிகமாக இருந்தவை மிகச் சிலவே.

உடனே ஒருவர் மறுத்துரைக்கலாம்: பென்சல்டிகைட்டும் அந்த எஸ்தரும் திரவங்களல்லவா, அவையே ஒன்றுக்கொன்று கரைப்பானாக நின்றிருக்கக்கூடுமல்லவா என்று. கூர்மையான கேள்வி, இத்துறையில் எழுதப்பட்டவற்றிற் சில இக்கேள்வியின்முன் நிற்கமாட்டா என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஹாஜிமே இத்தோ, கோஜி குபோதா ஆகியோரின் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்விடையாக அமைந்தது. எந்தக் கரைப்பானிலும் எளிதிற் கரையாத ஏரைல் ஏலைட்டுகளை, ஊதா வர்ணத்திற்கு உபயோகிக்கும் நிறப்பொடி ஒன்று உட்பட, அவர்கள் தேடியெடுத்து, பலேடியம் ஊக்கியோடு குண்டுப் பொறியில் வெதுப்பி அரைத்துச் சுசுக்கி இணைப்பை நிகழ்த்தினார்கள். கரைசலில் ஏறக்குறைய அசைய மறுத்த பொருள் அரைவையிலே தாக்கம் புரிந்தது. மருதமுனை நெசவாளருக்கு இதன் அருமை உடனே விளங்கும்: நீரில் கரைந்து நூலிலேறும் சாயம் வேறு, எதிலும் கரையாமல் பொடியாகவே நிற்கும் நிறப்பொருள் வேறு என்பது அவர்களுக்குத் தொழிலறிவு. அத்தகைய கரையாப் பொடியையே அரைவை காபன் பிணைப்புக்கு இசையச் செய்ததென்றால், கரைதலே தாக்கத்தின் நிபந்தனை என்னும் கூற்று எப்படி நிற்கும்? அவ்விணைப்பைக் கண்டு 2010இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அக்கிரா சுசுக்கி பணியாற்றியதும் அதே ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில்தான்; கரைசலில் பிறந்த தாக்கம் அதே இடத்தில் கரைப்பானை விட்டு வெளியேறியது மகிழ்வதற்குரிய செய்தி.

கிரிக்னாட்டைப் பற்றிய வினா இன்னும் தீரவில்லை. ஈதர் வெறுமனே கரைப்பதற்காக அங்கில்லை. அதன் ஒட்சிசன் அணு மகனீசியத்தைப் பற்றித் தாங்கி அச்சேர்வைக்கு நிலைபேறு அளிக்கின்றது. ஆகவே ஈதர் இன்றிக் கிரிக்னாட் இல்லை என்பது எதிர்ப்பக்கத்தாரின் மிக வலிய வாதம். இதில் முற்பாதி உண்மை. பிற்பாதி அதிலிருந்து பெறப்படுவதன்று. இத்தோ குழுவினர் அதே 2021இல் மகனீசியத்தையும் ஏலைட்டையும் குண்டுப் பொறியில் இட்டு, ஈதர் இனத்துத் தெத்திராஐதரோபியூரானைச் சிறிதளவு மட்டும் சேர்த்து, திறந்த காற்றிலேயே பொறியை நிரப்பி அரைத்துக் கிரிக்னாட் சோதனைப்பொருளைக் கூழாகப் பெற்றார்கள். வழக்கமாகச் செலவாகும் கரைப்பானில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதியதாயிற்று. மகனீசியத்தைத் தாங்குவதற்குச் சில மூலக்கூறுகள் போதும். மிதக்கவிடுவதற்கு ஒரு கடல் வேண்டியதில்லை. ஒரு லீற்றர் தெத்திராஐதரோபியூரானில் பன்னிரண்டு மூல் அளவு அடங்கியிருக்கிறது. ஒரு மூலர்க் கரைசலில் ஒரு மகனீசிய அணுவுக்குப் பன்னிரண்டு கரைப்பான் மூலக்கூறுகள் நிற்கின்றன என்று கணக்கிட்டாலே, அவற்றுட் பெரும்பாலானவை மகனீசியத்தைத் தொடாமல் இடத்தை நிரப்பி நிற்பவை என்பது தெளிவாகும். அரைவை இவ்வாறு சில துளித் திரவத்தை ஏற்பது இத்துறையில் நன்கு நிலைபெற்ற வழக்கம். திண்மத்தின் ஒரு மில்லிகிராமுக்கு ஒரு மைக்ரோலீற்றருக்கு மேற்படாமல் அதனை வைத்துக்கொள்கிறார்கள்.

நம் கரைக்கு இது தனிமுறையிலும் பொருந்தும். ஈதரின் கொதிநிலை 34.6 பாகை சதமளவு. கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் கல்முனைப் பகுதியின் நண்பகல் வெப்பம் அவ்வெல்லையைத் தொட்டுவிடும். அவ்வேளையில் ஈதர்ப் போத்தலைத் திறப்பது ஆவியைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். அவ்வாவி எளிதில் தீப்பற்றும். போத்தல் நாட்பட்டால் வெடிக்கத்தக்க பரவொட்சைட்டும் அதிலே சேரும். குளிர்தேசத்தில் எழுதப்பட்ட செய்முறையை நாம் அப்படியே ஏற்று, செய்ய இயலாதபோது ஆய்வுகூடத்தை மூடிவிட்டுப் படத்தை வரைந்து காட்டுகிறோம். இன்னொன்றும் உண்டு: இக்கடற்கரை முழுவதும் மணல்நிலம், வளவுக்கு வளவு தோண்டிய கிணறுகளின் நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கிறது, கழுவுதொட்டியில் ஊற்றிய கரைப்பான் எங்கே போய்ச் சேரும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மருந்து உற்பத்திச் சாலைகளிற் கையாளப்படும் பொருள்களின் மொத்த நிறையில் எண்பது முதல் தொண்ணூறு வீதம் வரை கரைப்பானே என்று மேனாட்டு ஆய்வாளர் 2007இல் கணக்கிட்டுள்ளனர். தாக்கத்தின் விளைபொருள் அதிற் சிறிதளவே. மீதியெல்லாம் வடித்து, எரித்து, எங்கேயோ கொட்டவேண்டியவை.

உலோகத்தின் வடிவத்தைப் பற்றிய நம்பிக்கையும் இத்தோடு தளர்கிறது. நாகம் நுண்ணிய பொடியாக இருக்கவேண்டும், அமிலத்தாற் கழுவியிருக்கவேண்டும், புதிதாயிருக்கவேண்டும் என்று கரைசல்முறை நூல்கள் வற்புறுத்தும். வேல்ஸ் தேசத்துக் கார்டிவ் நகரில் டங்கன் பிரௌன் குழுவினர் 2018இல் நாகத்தைத் தகடாகவும் கம்பியாகவும் மணியாகவும் பொடியாகவும் மாற்றி மாற்றியிட்டு அரைத்து, ஆக்கப்பட்ட சேதன நாகச் சேர்வையை அதே குடுவையில் நெகிசி இணைப்புக்கு உட்படுத்தினர், எவ்வடிவமும் உதவியது. பொறியே அதனைப் பொடியாக்கி அதன் தோலையும் உரிக்கும்போது, முன்கூட்டிய உபசாரம் எதற்கு? 2023இல் ஹொக்கைடோ குழுவினர் இலிதியம் கொண்டு செய்யும் பேர்ச் ஒடுக்கத்தையும் இவ்வாறே குண்டுப் பொறியில் நிமிஷக் கணக்கில் முடித்தனர். மறை 33 பாகையில் கொதிக்கும் திரவ அமோனியாவைக் குளிர்விப்பான்களுக்கிடையே தேக்கிவைத்துச் செய்துவந்த தாக்கம் அது. நம்மூர் வெயிலில் அதைச் செய்ய நினைத்தவர் எவருமில்லை.

அரைக்கும் பாத்திரத்திலிருந்தும் குண்டுகளிலிருந்தும் தேய்ந்து கலக்கும் உலோகம் விளைபொருளை மாசுபடுத்தும் என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் உண்மையுண்டு, எஃகுக் குண்டு இரும்பை உதிர்க்கும், மருந்து செய்வோர் இதனை அலட்சியம் செய்யலாகாது, அதனால்தான் சேர்க்கோனியா, அகீக் முதலிய கடினப் பொருள்களாற் பாத்திரம் செய்கிறார்கள். ஆனால் இதே தேய்வை நன்மையாக்கியவர்களும் உளர். சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் மெக், செம்பினாலேயே குடுவையும் குண்டும் செய்து, வேறு செம்பு ஊக்கி சேர்க்காமலே தாக்கம் நடத்தினார். செருமனியில் போர்ச்சார்ட் குழுவினர் 2019இல் பலேடியக் குண்டையே ஊக்கியாக்கி, சுசுக்கி இணைப்பை ஊக்கித்தூள் எதுவுமின்றி முடித்தனர். வேலை முடிந்ததும் குண்டைக் கையால் எடுத்துவிடலாம். செம்புரலின் தன்மையை அன்று தியோபிராஸ்தஸ் குறித்தது இவர்களால் இக்காலத்தில் சாஸ்திரமாக விருத்தியடைந்திருக்கிறது.

இனி, இது உரலளவு விளையாட்டு, தொழிற்சாலைக்கு ஏலாது என்பாருக்கு. சீமெந்தும் தாதுமணலும் அரைக்கும் குண்டாலைகள் உலகெங்கும் தொன்கணக்கில் இயங்குகின்றன. பொறியியலுக்கு இது புதிதன்று. நியூசிலாந்தின் தென்தீவில் மாப்புவா என்னும் ஊரிற் கிருமிநாசினித் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற டிடிடி நஞ்சேறிய மண்ணை 2004 முதல் 2007 வரை அரைவைப் பொறியால் சிதைத்தார்கள். கல்சியம் ஒட்சைட்டோடு சேர்த்து அரைத்தால் டிடிடி சிதையும் என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர் 1990களிலேயே காட்டியிருந்தனர். அம்முயற்சியில் எல்லாம் நன்றாக நடந்ததென்று நான் சொல்லமாட்டேன். தூசியும் வாயுவும் பணியாளரின் சுகத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்னும் கவலை எழுந்து, 2008இல் அந்நாட்டு நாடாளுமன்றச் சுற்றாடல் ஆணையாளர் அதுபற்றிக் கடுமையான அறிக்கை வெளியிட்டார். அங்கே குறைபட்டது மேற்பார்வை. அரைத்தலால் மூலக்கூறு சிதையும் என்னும் கொள்கையன்று. சேதனத் தொகுப்பிலோ, பெல்பாஸ்ட் நகரில் ஸ்டூவர்ட் ஜேம்ஸ் குழுவினர் பிளாஸ்டிக் தொழிலில் வழங்கும் இரட்டைத்திருகுப் பொறியைக் கையாண்டு, ஒரு முனையில் திண்மம் இட மறுமுனையில் விளைபொருள் வெளிவருமாறு இடையறாத உற்பத்தியைச் சாதித்துள்ளனர். இரசாயனவியலாளரின் சர்வதேச ஒன்றியம் 2019இல் உலகை மாற்றவல்ல பத்துப் புத்தாக்கங்களைத் தெரிந்தெடுத்தபோது இத்திருகுப்பொறி முறையும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

எதிர்ப்பக்கத்தாரை மறுத்த நான், நம் பக்கத்தாரில் ஒருசாரார் சொல்லும் மிகையுரையையும் மறுக்கவே வேண்டும். இவையெல்லாம் சித்தர் கல்வத்தில் முன்னரே கண்டவை, மேனாட்டார் இப்போதுதான் விழித்துக்கொண்டார்கள் என்று அவர்கள் சொல்லுகின்றனர். சித்த வைத்தியரும் யூனானி ஹக்கீம்களும் இரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்திலிட்டு அரைத்தது மெய். இரசத்துளிகள் முதலிற் குழவிக்கு அகப்படாமல் உருண்டு விலகும். அரைப்பு நீள நீளத் துளி சிறுத்துத் துளியின் பளபளப்பு மங்கும். முடிவில் இரசத்தின் மின்னல் ஓர் இடத்திலும் தென்படாமல் மைபோன்ற கரும்பொடி எஞ்சும். அது கருநிற இரசச் சல்பைட்டு. அரைத்தலால் உலோகம் தாக்கம் புரிந்ததற்கு ஐயமற்ற உதாரணம். அம்முன்னோரின் பொறுமைக்கும் கூர்ந்த நோக்குக்கும் வணக்கம். எனினும் காபன் பிணைப்பை உலோகத்தாற் கட்டுவது அவர்கள் எடுத்துக்கொண்ட காரியமன்று. இரசச் சேர்வைகள் உடலுக்கு நஞ்சாகக்கூடியவை என்பதையும் மறைத்தலாகாது. பழமையைக் காட்டி இருந்தவிடத்தில் இருந்துவிடுவதைவிட, கொல்கத்தாவில் இந்திய விஞ்ஞான விருத்திச் சங்கத்துப் பேராசிரியர் பிரிந்தாபன் ரானு செய்ததுபோலக் குண்டுப் பொறியை இயக்கிப் புதிய தாக்கங்களைக் கண்டு, பசிய இரசாயனத்திற்கு அரைத்தலின் பயனைப் பற்றிய நூலை 2014இல் தொகுத்து வெளியிடுவதே முன்னோருக்குச் செய்யும் மரியாதை.

கரைப்பானைத் துறந்துவிட வேண்டுமென்று நான் வாதிடவில்லை. வெப்பத்தைக் கடத்தவும், தாக்கத்தின் வேகத்தை அளக்கவும், விளைபொருளைப் பிரித்துத் தூய்மையாக்கவும் அது பெரிதும் பயன்படுகிறது. அரைத்து முடித்தபின் கழுவிப் பிரிக்கவும் பெரும்பாலும் அதுவே வேண்டும். திண்மங்கள் அரைபடும்போது குடுவையினுள் கணந்தோறும் நிகழ்வது யாது என்பதும் கரைசலில் நிகழ்வதைப்போல அத்துணைத் தெளிவாக இன்னும் ஆராயப்படவில்லை. நான் மறுப்பது ஒன்றையே: கரைப்பான் இல்லையேல் தாக்கம் இல்லை என்னும் தீர்ப்பை.

ஆதலால் இப்பகுதியில் இரசாயனம் போதிக்கும் ஆசிரியர்களை வேண்டிக்கொள்வது இது: உலர் ஈதரைப் பற்றிச் சொல்லும் அதே வகுப்பில், அது பழக்கமான வழி, ஒரே வழியன்று என்பதையும் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள், ஈய நைத்திரேற்றும் பொற்றாசியம் அயடைட்டும் கொண்ட உரல் ஒன்றைக் கையுறையோடு மாணவர் முன் அரைத்துக் காட்டுங்கள், ஒட்சியேற்றும் பொருள்களைக் கந்தகம் போன்ற எரியும் பொருள்களோடு சேர்த்து மாத்திரம் ஒருபோதும் அரைக்கக் கூடாதென்று எச்சரியுங்கள். சம்மாந்துறையில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தாரும் சிறிய குண்டுப் பொறி ஒன்றைத் தருவித்து, நாகம் கொண்ட ரிபோர்மாட்ஸ்கித் தாக்கத்தை நம் வெப்பநிலையிலும் நம் ஈரக்காற்றிலும் செய்து பார்த்து, அதன் விளைவைத் தமிழில் எழுதி வெளியிடுவார்களாக.